ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்றால் இதயம் நலமா?

"ஆஞ்சியோவில் அடைப்பு இல்லையா? அப்போ இதயத்துக்கு ஒன்றுமில்லை, மூச்சிரைப்பு வெறும் வாயுத் தொல்லை" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

ஆஞ்சியோகிராம் காட்டுவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைத்தான். இதயத் தசையைப் பார்க்க எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன், வேண்டும். குழாய்கள் சுத்தமாக இருந்தாலும் தசை நோய்ப்பட்டிருக்கலாம், அதுதான் கார்டியோமயோபதி. ஒரு வகையில் இடது கீழறை விரிந்து தளர்ந்துவிடும். எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்றொரு எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம் அது. 55-க்கு மேல் பொதுவாக இயல்பு. 40-க்குக் கீழே போனால் தசை நன்றாகவே பலவீனப்பட்டிருக்கிறது.

சரி, அந்த எண் நன்றாக இருந்தால் போதுமா? போதாது. இன்னொரு வகையில் இதயச் சுவர் 15 மில்லிமீட்டருக்கு மேலும் தடித்துப்போகும், ஆனால் இ.எஃப். இயல்பாகவே இருக்கும். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. விளையாடும்போது மயங்கி விழுந்தவர், சின்ன வயதில் திடீரென இறந்தவர் குடும்பத்தில் உண்டென்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பிள்ளை பெற்ற பெண்கள். கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவமாகி 5 மாதம் வரை, முதலில் சொன்ன இதயம் தளரும் தசை நோய் வரலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்று அவர் சொன்னால், "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். நேரத்தில் மருந்து தொடங்கினால் பலருக்கு இதயம் பழைய வலுவுக்குத் திரும்புகிறது.