ஒரே நாளில் ஐந்து இடம்

தங்கச்சி மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் அவன் பள்ளியில் கல்விச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனார்கள். இரவு இரண்டரை மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டி, மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் கொண்டு விட்டாள் தங்கச்சி. கன்னியாகுமரியில் சூரிய உதயம், அப்புறம் வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி. திரும்ப வந்து இறங்கும்போது இரவு பதினொன்று. எட்டு வயதுப் பிள்ளை இருபது மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்திருக்கிறான்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னய்யா பாத்த?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அரண்மனையில என் செருப்பு மாறிட்டு பெரியம்மா. வேற யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றான். பிறகு பேருந்தில் போட்ட படத்தின் கதையை ஒன்று விடாமல் சொன்னான். தொட்டிப்பாலம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பெருசா இருந்துச்சு. கீழ எட்டிப் பாக்கக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க. சீக்கிரமா நடக்கச் சொன்னாங்க" என்றான். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினேழு வருடமாகப் பாடம் எடுக்கிறவள். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவது எனக்கு உயிர். அதனால்தான் இந்த வேதனை.

அந்தத் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் கட்டியது. பறளியாற்றுக்குக் குறுக்கே, இந்தப் பக்கத்து மலையிலிருந்து அந்தப் பக்கத்து மலைக்கு, 115 அடி உயரத்தில் ஒரு கால்வாயே பாலமாகப் போகிறது. தாங்கி நிற்பவை 28 தூண்கள். கீழே ஆறு ஓடுகிறது, மேலே தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது. கீழேதான் தண்ணீர் இருக்கிறதே, அப்புறம் எதற்கு மேலே ஒரு தண்ணீர்? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் போட்டுவிட்டு, கீழே படியிறங்கி ஒரு தூணடியில் உட்காரவைத்திருந்தால் போதும். தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது, ஆறு பள்ளத்தில் கிடக்கிறது, வயல் மேட்டில் இருக்கிறது, அதனால் மேட்டிலிருந்து மேட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்று அவர்களே பேசிப் பேசிக் கண்டுபிடித்திருப்பார்கள். தூண்களை எண்ணியிருப்பார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கும், வலிக்கட்டும். அன்றைக்கு முழுக்க அந்த ஓர் இடம் போதும். இவர்கள் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் திற்பரப்பில் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபது பிள்ளைகளை நாலு பேர் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், தலையை எண்ணுவதிலேயே அவர்களுக்கு நாள் போய்விடும். பேருந்து பேசியாயிற்று, இத்தனை ரூபாய் வாங்கியாயிற்று, அதற்கு இத்தனை இடமாவது காட்ட வேண்டும் என்கிற கணக்குதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. பெற்றோர்களும் அப்படித்தான் கேட்கிறோம், "எத்தனை இடம் பாத்த?" என்று.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளி திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிப் பக்கம். காருகுறிச்சி பக்கத்தில்தான் இருக்கிறது. நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர் என்று பெரியவர்களுக்குத் தெரியும். மண்பாண்டத்துக்கும் அது பேர்போன ஊர். போன வருடம் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்புமாகப் பத்தொன்பது பிள்ளைகளை, காலை உணவு சாப்பிட்ட கையோடு, ஒரு பானை செய்கிற தாத்தா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவரிடம் முதல் நாளே போய்ச் சொல்லி வைத்திருந்தேன். "புள்ளையளத்தான டீச்சரம்மா, தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார்.

சக்கரத்தில் மண்ணை வைத்துச் சுற்றி, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துக் கழுத்தும் வாயும் வந்தபின் நூலால் அறுத்து எடுத்துக் கீழே வைத்தார். ஒரு பிள்ளை குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள், "டீச்சர், பானைக்கு அடியே இல்ல!" பத்தொன்பது தலையும் குனிந்தது. உண்மைதான், அடிப்பக்கம் திறந்து கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கும் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது எனக்கு, பானையில் சமைத்த வீட்டில் பிறந்தவள்.

தாத்தா சிரித்துக்கொண்டே, முதல் நாள் அறுத்து வைத்து அரைகுறையாகக் காய்ந்திருந்த ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல், வெளியே இன்னொரு கையில் மரப்பலகை. தட்டத் தட்ட மண் மெலிந்து நீண்டு, திறந்து கிடந்த அடி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது. ஒருத்தன் எத்தனை தட்டு என்று எண்ண ஆரம்பித்தான். நூற்று நாற்பதில் அவனுக்கு விட்டுப்போனது, பக்கத்தில் இருந்தவள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். பேச்சு மூச்சில்லை. தட்டுகிற சத்தமும் எண்ணுகிற சத்தமும்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல, அதற்குப் பிறகு நடந்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் குளத்து மண்ணைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் சின்னச் சின்னச் சட்டி பிடித்து வெயிலில் வைத்தார்கள். புதன்கிழமை அத்தனையும் வெடித்துக் கிடந்தது. இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். சரி, தாத்தாகிட்டயே போய்க் கேட்போம் என்று வெள்ளிக்கிழமை மறுபடியும் போனோம். வெடித்த துண்டுகளை ஒரு பையில் போட்டு அவர்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் ஒரு துண்டை எடுத்து விரலால் நொறுக்கிப் பார்த்தார். "மணல் சேக்கலயா? வெயில்லயா வச்சிய? நெழல்ல காயணும்லே" என்றார். திரும்பி வந்து மணல் சேர்த்துப் பிசைந்து, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நிழலில் வைத்தார்கள். ஏழு சட்டி தேறியது.

நான் கேட்பது இந்த இரண்டாவது பயணத்தைத்தான். மறுபடியும் போய்க் கேட்க முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பயணம். இந்த வயதுப் பிள்ளைக்குப் பார்த்த அன்றைக்கே கேள்வி வராது. வீட்டுக்குப் போய், தானும் செய்து பார்த்து, தோற்றபின்தான் வரும். அப்போது அந்த இடம் இருநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

நமக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் பத்தமடை இருக்கிறது. கோரையை நறுக்கி, கிழித்து, ஊறப்போட்டு, சாயம் ஏற்றிப் பாய் நெய்கிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய பாய். அது இல்லாத ஊரில் நெல் அரவை ஆலை இருக்கும், பால் சொசைட்டி இருக்கும், கொல்லுப்பட்டறை இருக்கும். எதுவுமே இல்லையென்றாலும் தபால் நிலையம் இருக்கும். என் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய், ஆளுக்கு ஒரு ஐம்பது பைசா தபால் கார்டு வாங்கிக் கொடுத்து, அவரவர் வீட்டு முகவரிக்கு அவரவரே எழுதிப் போடச் சொன்னேன். அதுவரை பின்கோடு என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ஆறு இலக்கத்தில் முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம், கடைசி மூன்று எண் நம் தபால் நிலையத்தைக் குறிக்கும் என்று போஸ்ட் மாஸ்டரே சொன்னார். மூன்று நாள் கழித்து ஒருத்தி கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், "எனக்கு லெட்டர் வந்துருக்கு டீச்சர்!" எழுதியது அவளேதான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் தூரமாகப் போவோம், அப்போதும் ஒரே ஓர் இடம்தான். போன பிப்ரவரியில் கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்த ஊர் மக்கள் அதற்கெல்லாம் ரொம்ப முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள். வீட்டு வாசல் மரத்தில் நாரை கூடு கட்டுகிறது, எச்சம் முற்றத்தில் விழுகிறது, யாரும் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து வரித்தலை வாத்து வருகிறது என்று வனக்காவலர் சொன்னபோது, ஒரு பிள்ளை, "பஸ்ஸுலயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. தூரத்தை அவள் தன் அளவில் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

என் வகுப்பில் ஒரு பையன். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு நிலை, அதாவது முதல் படி. எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும், அதனால் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். வீட்டில் ஆடு மேய்க்கிறார்கள். அன்றைக்குக் கரையில் நின்று நத்தைக் குத்தி நாரையை முதலில் காட்டியது அவன்தான். "எங்க வயலுக்கு வருமே, நத்தையத் தின்னும்" என்றான். பைனாகுலர் ஒன்றே ஒன்று, பள்ளிக்குப் பழைய மாணவர் ஒருவர் கொடுத்தது. அவன் முறை வந்தபோது ரொம்ப நேரம் கொடுக்கவே இல்லை. பிறகு என்னிடம் திரும்பி, "டீச்சர், அது மூக்கு மூடவே மூடாதா?" என்றான். அந்த நாரைக்கு அலகின் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், குஞ்சாக இருக்கும்போது இருக்காது, வளர வளரத்தான் வரும். அதைச் சொன்னேன். அன்று நோட்டில் அவன் எழுதியது இரண்டு வார்த்தை: "மூக்கு மூடல". யாரும் சொல்லாமல் அவனாக எழுதிய முதல் வாக்கியம் அது. அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

காசு விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். தங்கச்சி மகன் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். போனது இருபத்தொரு பேர். மீதிப் பதினோரு பிள்ளைகளை அன்றைக்கு வேறு வகுப்பில் உட்காரவைத்திருக்கிறார்கள். மறுநாள் வகுப்பு முழுக்கச் சுற்றுலாப் பேச்சு. அந்தப் பதினோரு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள் அல்லவா? எனக்கு அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. கல்வி என்று பெயர் வைத்துவிட்டால் வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டுப் போக நமக்கு உரிமை கிடையாது. எல்லோரையும் கூட்டிப் போக முடியாத செலவென்றால் அந்த இடமே வேண்டாம்.

ஆபத்தும் இருக்கிறது. 2022 அக்டோபரில் கேரளாவில் வடக்கஞ்சேரி அருகே, ஊட்டிக்குச் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய தனியார் பேருந்து இரவில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். 2024 ஜனவரியில் வதோதராவில் ஏரியில் படகு கவிழ்ந்து பன்னிரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் போனார்கள். அளவுக்கு மீறி ஏற்றிய படகு. இரவுப் பயணமும் படகும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு? காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, பள்ளி விடுகிற நேரத்துக்குள் திரும்பி வர முடியாத இடம் அந்த வயதுக்கு உரிய இடமே இல்லை என்பேன்.

"எங்க புள்ளைய கடலே பாத்ததில்லயே டீச்சர்" என்று போன கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரப் பயணத்தில் கடல் இருந்தும் பார்க்காத பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். கட்டாயம் கூட்டிப் போக வேண்டும். ஆனால் கடலுக்கென்று போனால் கடல் மட்டும்தான். மணலில் நாலு மணி நேரம் உட்காரட்டும், சிப்பி பொறுக்கட்டும், வலை இழுக்கிறவர்களிடம் பேசட்டும், கடல் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்கட்டும். கரையிலிருந்து பார்த்தால் போதும். அங்கிருந்து அடுத்த இடத்துக்கு விசில் அடித்து ஏற்றாமல் இருந்தால் சரி. தீம் பார்க்குக்கு வீட்டில் கூட்டிப் போங்கள், பிள்ளைகள் குதித்து விளையாடட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அதற்குக் கல்விச் சுற்றுலா என்று ஃபிளெக்ஸ் அடித்து, பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுப்பதுதான் வேண்டாம்.

பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளியிலிருந்து சுற்றுலாச் சீட்டு வந்தால், எத்தனை இடம் என்று கேட்காமல், ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். காசு கட்ட முடியாத பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் நடக்கும், எங்களைப் போன்றவர்கள் சொன்னால் எடுபடுவதில்லை.

வருகிற பிப்ரவரியில் மறுபடியும் கூந்தன்குளம் போகிறோம். இந்த முறை இருபத்திரண்டு பிள்ளைகள். வேன் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடித்தாயிற்று. பைனாகுலர்தான் இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. யாருடைய வீட்டிலாவது பழையது சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கண்ணாடியில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.