பிரமிடு கோதுமை முளைக்கவில்லை

“எகிப்து பிரமிடில் 3,000 வருடமாகக் கிடந்த கோதுமை முளைத்து, இப்போது அறுவடை ஆகிறது” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. உண்மை இல்லை, பல தலைமுறையாகச் சொல்லப்படும் பழைய கதைதான் இது.

கல்லறைகளில் தானியம் கிடைத்தது நிஜம். பழங்கால எகிப்து மன்னர் துத்தன்காமன் கல்லறையில் இருந்தது எம்மர் கோதுமை, நம்மூர் சம்பா கோதுமையும் அதே இனம். மேலே உமி, மணி எல்லாம் நேற்று அறுத்ததுபோல் இருந்தாலும் உள்ளே முளைக்கரு கருத்துச் செத்துப்போயிருக்கும். சாதாரணமாக வைத்த கோதுமை விதைக்குச் சில பத்தாண்டுகள் தாங்கினாலே அதிகம். பழைய மணிகளை முளைக்கவைத்துப் பார்த்த சோதனைகளும் தோல்விதான்.

சரி, பழைய விதை முளைத்ததே இல்லையா? முளைத்திருக்கிறது, ஆனால் அது இஸ்ரேலின் மசாடாவில் கிடைத்த, சுமார் 2,000 வருடப் பேரீச்சங்கொட்டை. 2008 ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரையே இருக்கிறது, தேடிப் பாருங்கள். கோதுமைச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.