ஜெர்மனியில் எல்லோருக்கும் படிப்பு இலவசமா?

"ஜெர்மனியில் யார் போனாலும் படிப்பு இலவசம், கையில் காசே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பாதிதான் உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் ஹைடல்பெர்க், ஸ்டுட்கார்ட் எல்லாம் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதலே நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து புதிதாகச் சேரும் இப்படிப்பட்டவர்களிடம் செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் விசா. உதவித்தொகையோ ஸ்பான்சரோ இல்லாதவர்கள் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை (2024 செப்டம்பரில் வந்த தொகை) முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது உங்கள் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பத்து லட்ச ரூபாய்க்கும் மேல் முதலில் புரட்டியாக வேண்டுமே, இதைப் பற்றித்தான் அந்த ஃபார்வர்டு மூச்சே விடவில்லை.