மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான்

“மூட்டு முடக்குவாதத்துக்குப் புற்றுநோய் மருந்தைக் கொடுக்கிறார்கள், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மட்டும் போதும்” என்று திருமங்கலத்து அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் உண்மை. மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் தரப்படுகிறது. ஆனால் அங்கே அளவு பல மடங்கு அதிகம். மூட்டுக்கு வாரம் ஒருமுறை, பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அந்த அளவில் அது உடலில் அடினோசின் என்ற இயற்கைப் பொருளைப் பெருக்கி அழற்சியை அடக்குகிறது, மூட்டு அரிக்கப்படுவதையும் தாமதப்படுத்துகிறது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வீக்கத்தைத் தணிக்கத்தான் பிரெட்னிசோலோன். மதுரைப் பக்கம் சிலர் பழைய சீட்டைக் காட்டியே அதை ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்குகிறார்கள்; எலும்பு வலுவிழக்கும், சர்க்கரை ஏறும். மெத்தோட்ரெக்சேட்டில் உண்மையான ஆபத்து வேறு: வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் போட்டால் இரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் இரத்தப் பரிசோதனையும் கூடவே வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கூடவே கூடாது.