வண்டி மறுபடி என்றைக்கு வரும்?

போன ஞாயிறு ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் வந்த நடமாடும் நூலக வண்டியின் படங்களை எல்லாரும் பகிர்ந்துவிட்டீர்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். படம் எடுத்து முடித்ததும் புத்தகங்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு போனதை மட்டும் யாரும் எழுதவில்லை. மொத்தம் முக்கால் மணி நேரம்.

நான் அங்கேதான் இருந்தேன். நாலாவது படிக்கிற ஒரு பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். வண்டியில் வந்தவர்கள் கேட்டதும் கொடுத்துவிட்டாள். ஆனால் பக்கத்துக்குள் வைத்திருந்த விரலை எடுக்கவில்லை. அவர்கள் புத்தகத்தை இழுத்த பிறகுதான் விரல் வெளியே வந்தது.

இரவல் கொடுக்காத வண்டி நூலக வண்டி இல்லை. 1931இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் அனுப்பி இரவல் கொடுத்தார். மாட்டால் முடிந்தது வேனால் முடியாதா?

புத்தகத்தை இரவல் கொடுக்கக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, "கொடுத்தால் கிழித்துவிடுவார்கள்" என்று பதில் எழுதுகிறார் ஒருவர். இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். ஆறாவதில் டீச்சர் ஒரு கதைப் புத்தகம் கொடுத்தனுப்பினார். கைநாட்டு வைக்கிற எங்கப்பா, எஸ்டேட் ஆபீசில் பழைய பேப்பர் கேட்டு வாங்கிவந்து, பழைய சோற்றைப் பசையாகத் தடவி அதற்கு அட்டை போட்டார். மிளகு மூட்டைக்கு மேலே, நனையாத இடத்தில் வைத்தார். அவரா கிழிப்பார்? எங்கள் ஜனங்களைப் பார்த்தால் உங்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறதா?

செல்போன் இருக்கிறதே என்பவர்களுக்கு: டவர் கிடைக்கும் பாறை எங்கே இருக்கிறது என்று வந்து பாருங்கள்.

"நல்லது செய்ய வந்தவர்களைக் குறை சொல்லாதே" என்பதும் வந்தது. சரி, அவர்கள் மனசு நல்லதுதான், மறுக்கவில்லை. அதனால்தான் பெயரையும் சொல்லவில்லை. இருபது புத்தகம் கொண்டுவந்தாலும் போதும், கொடுத்துவிட்டுப் போங்கள், பதினைந்து நாள் கழித்து மாற்ற வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டு தொலைந்தால் தொலையட்டும். கோடை விழாவுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி எத்தனை வண்டிகள் வருகின்றன! மாதம் இரண்டு தடவை ஒரு வண்டி வர முடியாதா? வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒன்று இருக்கிறதே, அதை நாங்களும்தானே கட்டுகிறோம்? கேட்டால் நன்றி கெட்டவள் என்கிறீர்கள். எங்களுக்கு யாராவது எதையாவது கொண்டுவந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அப்படித்தானே?

நேற்று அந்தப் பாப்பா வழியில் என்னை நிறுத்தி, "அக்கா, அந்த ஆட்டுக்குட்டி கெணத்துல விழுந்துருச்சா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் அட்டை. கிணற்றை எட்டிப் பார்க்கும் வெள்ளை ஆட்டுக்குட்டி. பெயர் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்.