எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்

நாணய ஆய்வாளர் ஒருவர் மறைந்துவிட்டால் அவர் சேர்த்து வைத்த நாணயங்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவற்றுக்கு விலை இருக்கிறது. விலை உள்ள பொருளை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் வியாபாரி வாங்கிப் போவார். எப்படியும் ஏதோ ஒரு பெட்டிக்குள் அவை பத்திரமாக இருக்கும்.

என் கவலையெல்லாம் மற்றவற்றைப் பற்றித்தான். மேசை இழுப்பறையில் கிடக்கும் நோட்டுப் புத்தகங்கள், கயிறு கட்டிய கடிதக் கட்டுகள், ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள் நிறைந்த பழைய ஏலப் பட்டியல்கள், அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்திருக்கும், நாணயத்தைப் பதித்து எடுத்த பிளாஸ்டர் அச்சுப் பிரதிகள். அறையைக் காலி செய்யும் நாளில் முதலில் எடைக்குப் போவது இவைதான். அந்த மனிதர் ஐம்பது வருடம் உட்கார்ந்து செய்த வேலை நாணயப் பெட்டியில் இல்லை, இந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது என்பது வீட்டில் பலருக்கும் தெரிவதில்லை. யாரும் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாணயம் தானாகச் சொல்வது கொஞ்சம்தான். யார் பெயர், என்ன சின்னம், என்ன உலோகம், எவ்வளவு எடை. எந்த மண்ணில் கிடைத்தது, கூடவே எவையெல்லாம் கிடைத்தன, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதையெல்லாம் அதன் இரண்டு பக்கத்திலும் தேடிப் பார்க்க முடியாது. ஒரு புதையலில் இருப்பவற்றில் கடைசியாக அச்சடிக்கப்பட்ட நாணயம் எது என்று தெரிந்தால்தான் அது எப்போது புதைக்கப்பட்டிருக்கும் என்று கணிக்க முடியும். புதையல் சிதறி, எது எதோடு இருந்தது என்ற குறிப்பும் தொலைந்தால் அந்தக் கணிப்புக்கு வழியே இல்லை.

1905ல் எகிப்தின் தமன்ஹூரில் அலெக்சாந்தரின் பெயர் பொறித்த வெள்ளி நாணயங்கள் 8,000க்கும் மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. கிடைத்த கையோடு சந்தைக்குப் போய் நாடு நாடாகச் சிதறிவிட்டன. எட்வர்ட் நியூவெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் வியாபாரிகளிடமும் சேகரிப்பாளர்களிடமும் தேடித் தேடி, தன்னால் பார்க்க முடிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து 1923ல் நூலாக வெளியிட்டார். அந்தப் புதையல் கி.மு. 318 வாக்கில் புதைக்கப்பட்டது என்று நாம் இன்று பேச முடிகிறதென்றால் அந்தப் பதிவு இருப்பதால்தான். நாணயங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. புதையல் புதையலாக ஒரே இடத்தில் இருப்பது அந்தப் பக்கங்களில் மட்டுமே. நியூவெல் 1941ல் இறந்தார். அவர் கால் நூற்றாண்டு தலைமை வகித்த அமெரிக்க நாணயவியல் சங்கம் அவருடைய கைக்குறிப்பு நோட்டுகளைப் பாதுகாத்து, ஸ்கேன் செய்து, இணையத்திலும் வைத்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி ஒரு சங்கம் வாய்ப்பதில்லை.

இன்னொரு உதாரணத்தை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். பழங்காலத்தில் நாணயம் அடிக்கும் உலோக அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். அதனால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் நாணயங்களில் எவை எவை ஒரே அச்சில் அடிக்கப்பட்டவை என்று கண்டுபிடித்து, மொத்தம் எத்தனை அச்சுகள் பயன்பட்டன என்று எண்ணினால், அந்த அரசு எவ்வளவு பணம் அடித்திருக்கும் என்று மதிப்பிட ஒரு வழி பிறக்கும். படைகளுக்குச் சம்பளம், போர்ச் செலவு, வணிகம் என்று பல கேள்விகள் இதில் தொங்குகின்றன. ஆனால் இதற்கு ஆயிரக்கணக்கான படங்களை அருகருகே வைத்துக் கண் வலிக்கப் பார்க்க வேண்டும். ரிச்சர்ட் ஷேஃபர் என்ற ஆய்வாளர் ரோமக் குடியரசு நாணயங்களுக்காக இதைச் செய்தார். பல பத்தாண்டுகளாக ஏலப் பட்டியல்களிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் படங்களைச் சேர்த்து, கத்தரித்து, அச்சுவாரியாகப் பிரித்து ஒட்டி வைத்தார். அந்தக் கோப்புகளை அமெரிக்க நாணயவியல் சங்கம் எண்மமாக்கி, ரோமக் குடியரசு அச்சுத் திட்டம் என்ற பெயரில் ஆய்வாளர் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது.

இப்படி ஒரு கோப்பை விவரம் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பழைய விற்பனைப் புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள். அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

போலி நாணயம் செய்தவரின் காகிதங்கள்கூட விலைமதிப்பற்றவை. ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்பவர் பழைய நாணயங்களைப் போலவே அச்சு செதுக்கி, விவரமறிந்த சேகரிப்பாளர்களையே ஏமாற்றியவர். புதிதாக அடித்த நாணயங்களை இரும்புத் தூளோடு ஒரு பெட்டியில் போட்டு, குதிரை வண்டியில் ஓட்டிக் குலுக்கிப் பழையதாக்குவாராம். அவருடைய அச்சுகள் பெர்லினில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, நாட்குறிப்பும் தப்பிப் பிழைத்திருக்கிறது. இன்றைக்கு ஒரு நாணயத்தைப் பார்த்து ‘இது பெக்கர் வேலை’ என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால் அவை கையில் இருப்பதால்தான். அவர் வீட்டார் வெட்கப்பட்டு எல்லாவற்றையும் எரித்திருந்தால் எத்தனை போலிகள் இன்னும் அருங்காட்சியகத் தட்டுகளில் உட்கார்ந்திருக்குமோ!

குடும்பக் காகிதங்கள் என்றதும் பலர் தயங்குகிறார்கள். “அப்பாவின் ஆய்வுக் குறிப்பைக் கொடுக்கலாம், கடிதமும் டைரியும் எங்கள் சொந்த விஷயமாயிற்றே” என்பார்கள். தயக்கம் நியாயமானது. ஆனால் இந்தத் துறையே கடிதத்தில் வளர்ந்த துறை. வியன்னாவில் யோசெஃப் எக்கெல் 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளாகப் பழங்கால நாணயங்கள் பற்றிய தன் பெருநூலை வெளியிட்டார். நவீன நாணயவியல் அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அதற்கு முன்பும் அந்தக் காலத்திலும் அறிஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை இப்போது ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு பெரிய திட்டமாகவே தேடித் தொகுக்கிறார்கள். அச்சில் ஏறாத சேதிகள் அவற்றில்தான் இருக்கின்றன: எந்த வயலில் எது கிடைத்தது, யார் யாருக்கு விற்றார், எதைச் சந்தேகப்பட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாணயங்களை எடை போட்டவர், அச்சுப் பிரதி எடுத்தவர், தட்டச்சு செய்தவர், வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர் என்று பல ஆய்வாளர்களின் பின்னால் மனைவியோ மகளோ தங்கையோ இருந்திருக்கிறார்கள். நூலின் முன்னுரையில் நன்றி என்ற ஒற்றை வரியில் முடிந்துபோகும் அந்த உழைப்பு, வீட்டுக் கடிதங்களிலும் நோட்டில் மாறி மாறி வரும் கையெழுத்திலும்தான் முழுசாகத் தெரியும். அவர்கள் பெயர் வரலாற்றில் ஏறுவதற்கு இருக்கும் ஒரே வழி இந்தக் காகிதங்கள் பிழைப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் வீட்டாரிடம் என் முதல் வேண்டுகோள்: எதையும் அடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கட்டுக்கட்டாகக் கிடந்த கடிதங்களைப் பாசத்தோடு பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினார்கள். அந்தத் தந்தையோ ஒவ்வொரு புதையலுக்கும் ஒரு உறை போட்டு, அதைப் பற்றிய கடிதம், புகைப்படம், எடைக் குறிப்பு எல்லாவற்றையும் அதற்குள் சேர்த்து வைத்திருந்தார். இப்போது எந்தப் படம் எந்தப் புதையலுடையது என்று சொல்ல யாரும் இல்லை. ஆவணக் காப்பாளர்கள் மூல ஒழுங்கு என்று சொல்வது இதைத்தான். எங்கே எப்படி இருந்ததோ அப்படியே முதலில் படம் எடுத்துவிடுங்கள். அலமாரி, இழுப்பறை, மேசை எல்லாவற்றையும். பிறகு இழுப்பறைக்கு ஒரு பெட்டி என்று மாற்றி, மேலே எண் போடுங்கள்.

நாணயத்தின் அடியில் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு சின்னச் சீட்டு இருக்கும். எடை, வாங்கிய நாள், முந்தைய உரிமையாளர் என்று நுணுக்கி எழுதியிருக்கும். அதை அந்த நாணயத்திலிருந்து பிரிக்கவே கூடாது. விற்பதாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்த பிறகே விற்க வேண்டும். பணத்தை மட்டும் பார்த்தாலும் இது லாபம்தான். கலாசாரச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970ல் வந்தது. ஒரு நாணயம் அதற்கு முன்பே ஒருவரிடம் இருந்தது என்று காட்டும் பழைய சீட்டுக்கும் கடிதத்துக்கும் அருங்காட்சியகங்கள் தனி மதிப்பு தருகின்றன. அந்தச் சீட்டு போனால் நல்ல வழியில் வந்த நாணயத்துக்கும் சாட்சி இல்லாமல் போய்விடும்.

கிழிந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் மட்டும் மெதுவாக எடுத்துவிடலாம். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் இருக்கும் நாணயங்களை மாற்றிவிடுங்கள், காலப்போக்கில் பச்சையாகப் பிசுபிசுத்து உலோகத்தை அரிக்கும். கணினி, பழைய ஹார்ட் டிஸ்க், மின்னஞ்சல் கடவுச்சொல் எல்லாம் இப்போது குடும்பக் காகிதங்களோடு சேர்த்திதான்.

நூலகத்தைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. அச்சிட்ட புத்தகம் வேறெங்கும் கிடைக்கும், அதைப் பிரித்துக் கொடுப்பதில் பெரிய இழப்பில்லை. கைக்குறிப்பு உள்ள பிரதிகளையும் ஏலப் பட்டியல்களையும் மட்டும் ஒன்றாகவே வைக்க வேண்டும். ஏலப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் இனி யாரும் பார்க்கவே முடியாத நாணயங்களின் படம். ஓரத்தில் விலையும் வாங்கியவர் பெயரும் எழுதியிருந்தால், அப்படி ஒரு பிரதி உலகில் அது ஒன்றுதான். ஒற்றைப் பிரதி என்றால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ரோம நாணய வரலாற்றை எழுதிய தியோடர் மொம்சன் சாட்சி. 1880 ஜூலையில் அவர் வீட்டில் பிடித்த தீயில் அவருடைய நூலகத்தோடு, ஆய்வுக்காக இரவல் வாங்கி வைத்திருந்த பழைய சுவடிகளும் சாம்பலாயின.

அன்று அவருக்கு ஸ்கேனர் இல்லை. எரிக் நியூமன் 106 வயது வரை வாழ்ந்து 2017ல் மறைந்த அமெரிக்க நாணய அறிஞர். தன் நாணயங்கள் ஏலத்துக்குப் போவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். அவர் தொடங்கிய கல்விச் சங்கத்தின் நிதியில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு இணைய நூலகம் உருவாகி, நாணயவியல் நூல்களும் ஏலப் பட்டியல்களும் கடிதங்களும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி அதில் கிடைக்கின்றன. நாணயத்தை விற்றுக் காகிதத்தைக் காப்பது என்ற இந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன். எல்லோரிடமும் அவ்வளவு நிதி இருக்காது. ஆனால் சேகரிப்பை விற்கும் குடும்பம் அதில் ஒரு சிறு பங்கை ஸ்கேன் செய்வதற்கும் பட்டியலிடுவதற்கும் ஒதுக்கினால், காகிதங்களை ஏற்கத் தயங்கும் நிறுவனமும் ஏற்றுக்கொள்ளும்.

கொடுக்கும்போது வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எது எது கொடுக்கப்பட்டது, பதிப்புரிமை யாரிடம், எதை எத்தனை ஆண்டுகள் மூடி வைக்க வேண்டும், நிறுவனம் பிற்காலத்தில் வேண்டாம் என்று நினைத்தால் யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். உயிரோடிருப்பவர்களைப் பற்றிய கடிதங்களைக் குறிப்பிட்ட காலம் மூடி வைப்பது நடைமுறையில் உள்ளதுதான். இன்னும் தோண்டப்படாத இடங்களைச் சொல்லும் குறிப்புகளை அப்படியே இணையத்தில் போட்டால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும். அவற்றை ஆய்வாளர்களுக்கு மட்டும் காட்டலாம்.

நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ‘இடம் இல்லை’ என்ற பதிலோடு ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். எடுத்துக்கொள்ள முடியாவிட்டால் யாரிடம் போகலாம் என்று சொல்லுங்கள், அல்லது ஒரு ஆளை அனுப்பிக் கைக்குறிப்புகளை மட்டுமாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை மறுக்கப்பட்டவர்கள் இரண்டாவது கதவைத் தட்டுவது அபூர்வம்.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களே, சேகரிப்பாளர்களே! உங்கள் நோட்டில் உங்களுக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்தும் குறியீடும் நிறைய இருக்கும். அவை எவற்றைக் குறிக்கின்றன, எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே ஒரு தாளில் எழுதி, உயில் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். வைத்திருப்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.