'விசா வேண்டாம்'னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை இருக்கறவங்க படிங்க. வெளிநாடு கிளம்பப்போறவங்க கண்டிப்பா படிங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது. ராத்திரி ரெண்டு மணி, செக்கின் கவுண்டர்ல நிக்கறேன். போற நாட்டுக்கு விசா பக்காவா இருக்கு, ஹோட்டல் புக்கிங், ரிட்டர்ன் டிக்கெட் எல்லாம் ஃபைல்ல வரிசையா அடுக்கி வச்சிருக்கேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்ட வாங்கி ஏதோ தட்டினாங்க, மறுபடி தட்டினாங்க, அப்புறம் நிமிர்ந்து "சார், நடுவுல இறங்கற நாட்டுக்கு விசா இருக்கா?"ன்னாங்க. "அங்க நான் வெளியவே போகமாட்டேன் மேடம், வெறும் ட்ரான்சிட்தான்"னேன். ஆனா நான் காசு மிச்சம் பண்றேன்னு ரெண்டு கம்பெனில தனித்தனியா டிக்கெட் போட்டிருந்தேன், அதனால பெட்டி நேரா போகாது, நடுவுல இறங்கி பெல்ட்ல இருந்து எடுத்து திரும்ப செக்கின் பண்ணனும், அதுக்கு இமிகிரேஷன தாண்டணும், தாண்டறதுக்கு விசா வேணும். சரி பெட்டியே வேண்டாம், கைப்பையோட போறேன்னு கெஞ்சினேன். "அடுத்த ஃப்ளைட்டோட போர்டிங் பாஸ் கையில இருக்கா?" இல்ல, அத வாங்கவும் இமிகிரேஷன தாண்டி வெளிய போகணும். அவ்வளவுதான், பெட்டிய தள்ளிக்கிட்டு வந்த வழியே திரும்பினேன். டிக்கெட் காசு ஒரு பைசா வரல.

அந்த பொண்ணு மேல இப்போ எனக்கு கோவம் இல்ல. அவங்க பாக்கறது டிமாட்டிக்னு ஒரு டேட்டாபேஸ், அயாட்டாங்கற உலக ஏர்லைன்ஸ் சங்கம் நடத்துறது. எந்த பாஸ்போர்ட், எந்த நாடு, எந்த வழியா போறோம்னு போட்டா ரூல் என்னன்னு சொல்லும். சரியான பேப்பர் இல்லாத ஆள ஏத்திட்டு போனா ஏர்லைன்ஸ் ஃபைன் கட்டணும், ஐரோப்பாவுல ஒரு ஆளுக்கே ஆயிரக்கணக்குல யூரோ தீட்டுவாங்க. அப்போ அவங்க ஏன் நமக்காக ரிஸ்க் எடுக்கணும்? நாட்டோட எல்லை இப்போ அந்த நாட்டுல இல்லங்க, நம்ம ஏர்போர்ட் கவுண்டர்லயே ஆரம்பிச்சிடுது.

இதுல என்னை ரொம்ப கடுப்பேத்துறது 'விசா ஃப்ரீ'ங்கற வார்த்தை. கென்யா 2024 ஜனவரில இருந்து எங்க நாட்டுக்கு வர விசாவே வேண்டாம், எல்லாரும் வரலாம்னு அறிவிச்சாங்க. நல்லதுன்னு கைதட்டிட்டு பாத்தா, கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல ஃபாரம் ஃபில் பண்ணி, போட்டோ ஏத்தி, 30 டாலர் கட்டி, அப்ரூவல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இதுக்கு பேரு விசா இல்லன்னா வேற எதுக்கு பேரு விசா? அமெரிக்காக்காரன் விசா வேண்டாத நாட்டுக்காரங்களுக்கு எஸ்டான்னு இதே மாதிரி ஒரு ஆன்லைன் அனுமதிய 2009லயே கட்டாயமாக்கிட்டான், 21 டாலரா இருந்தத 2025 செப்டம்பர் கடைசில 40 ஆக்கிட்டான். பிரிட்டன் இடிஏன்னு அதே மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாங்க, 10 பவுண்ட்ல ஆரம்பிச்சு 2025 ஏப்ரல்ல 16 ஆச்சு. சிங்கப்பூர், கனடா பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க லண்டனுக்கு சும்மா ஃப்ளைட் ஏறின காலமெல்லாம் 2025 ஜனவரியோட போச்சு. ஐரோப்பாவோட எட்டியாஸும் இதே மாதிரி அனுமதிதான், அதுக்கு முதல்ல 7 யூரோன்னாங்க, சிஸ்டம் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 20 யூரோன்னு ஏத்திட்டாங்க.

விசாவே வேணும்ங்கற பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க நிலமை இன்னும் மோசம், அதையும் சொல்லணும். ஐரோப்பாவுல பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசாவா குடுக்கற ஷெங்கன் விசாவோட ஃபீஸ் 2024 ஜூன்ல 80ல இருந்து 90 யூரோ ஆச்சு. ரிஜெக்ட் ஆனாலும் அந்த காசு திரும்ப வராது. பேங்க் ஸ்டேட்மென்ட், 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ், எல்லாம் குடுத்துட்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு தவம் கிடக்கணும். பரிசீலிக்கற வேலைக்கு ஃபீஸ் வாங்குறது நியாயம்தான்னு என் நண்பர் ஒருத்தர் வாதாடுவார். சரி, ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கும் முழு காசா? பாதியாவது திருப்பிக் குடுக்கலாம்ல.

இன்னொரு பெரிய மாற்றம் நிறைய பேருக்கு தெரியல. 2025 அக்டோபர் 12ல இருந்து ஷெங்கன் நாடுகள்ல ஸ்டாம்ப்புக்கு பதிலா கைரேகையும் முக போட்டோவும் எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்த ஆரம்பிச்சிட்டாங்க. ஸ்டாம்ப் குத்தற காலத்துல ஆபீசர் பக்கத்த புரட்டி, அழிஞ்சும் அழியாமயும் இருக்கற தேதிய கண்ண சுருக்கி பாத்து, மனக்கணக்கு போட்டு விடுவார். ரெண்டு நாள் கூடக்குறைய இருந்தா கண்டுக்காம போனதும் உண்டு. மெஷின் அப்படி விடாது. 180 நாள்ல 90 நாள்தான் தங்கலாம்ங்கறது அங்க ரூல், 90 நாள்னா 90 நாள்தான். இதுலயும் பாதி பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க, 90 நாள் முடிஞ்சதும் ஒரு நாள் வெளிய போயிட்டு வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்கும்னு. இல்லங்க. அங்க இருக்கற ஒவ்வொரு நாளும், அன்னிக்கு தேதில இருந்து பின்னாடி 180 நாள எண்ணிப் பாக்கணும், அதுக்குள்ள 90 தாண்டக்கூடாது.

எந்த நாட்டுக்கும் யாரை உள்ள விடணும்னு முடிவு பண்ற உரிமை இருக்கு, அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. எம்பசி வாசல்ல வெயில்ல நிக்கறதுக்கு ஃபோன்ல பத்து நிமிஷத்துல முடியறது எவ்வளவோ மேல்தான். என் பிரச்சனை, ரூல மாத்தறது அவங்க, அத தேடிக் கண்டுபிடிக்கற வேலை மட்டும் முழுசா நம்ம தலையில. டிக்கெட் போட்ட அன்னிக்கு ஒரு ரூல், பறக்கற அன்னிக்கு வேற ரூல்னா நஷ்டம் யாருக்கு? ஏற்கனவே டிக்கெட் எடுத்தவங்களுக்கு பழைய ரூலே செல்லும்னு சொல்றதுக்கு என்ன கஷ்டம்? டிக்கெட் விக்கற வெப்சைட்டுக்கு நான் எங்க இறங்கி எங்க ஏறறேன்னு தெரியும், காசு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வரி எச்சரிக்கை போட்டா குறைஞ்சா போயிடுவாங்க?

கூகுள்ல தேடி முதல்ல வர்ற லிங்க்க அமுக்காதீங்க, அரசாங்க சைட் மாதிரியே டிசைன் பண்ணி டபுள் மடங்கு காசு புடுங்கற கூட்டம் அங்கதான் உக்காந்திருக்கு. ஃபாரம் ஃபில் பண்ணும்போது பாஸ்போர்ட் நம்பர்ல வர்றது பூஜ்யமா, ஓங்கற இங்கிலீஷ் எழுத்தான்னு ரெண்டு தடவை பாருங்க, அது மாறினா அப்ரூவல் வந்தாலும் உங்க பாஸ்போர்ட்டோட சேராது. அப்புறம் இந்த இடிஏ, எஸ்டா எல்லாம் பாஸ்போர்ட் நம்பரோட கட்டிப்போட்டது. பழைய பாஸ்போர்ட்ல வாங்கினதுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கேன்னு புது பாஸ்போர்ட்டோட போய் கவுண்டர்ல நிக்காதீங்க, அத புதுசாத்தான் எடுக்கணும்.